மாட்டை அடித்தாலே குற்றமா? மிருகவதைச் சட்டம், டெல்டா உதாரணங்களோடு

மிருகவதை என்று பேச்செடுத்தால் டெல்டா பக்கம் இரண்டு பதில்கள் உடனே வரும். "வாயில்லா ஜீவன், பாவம்" என்பார் ஒருவர். "மாடு வைத்துப் பிழைக்கிறவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதுவரை வளர்ப்பு, எங்கிருந்து வதை என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. சட்டம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தினமும் கண்ணில் படுகிற காட்சிகளை வைத்தே அந்தப் பதிலைப் புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தின் பெயர் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. பரதநாட்டியத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் ருக்மிணி தேவி அருண்டேலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, தனிநபர் மசோதா ஒன்றை அவர் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் இந்தச் சட்டம். 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இந்தச் சட்டத்தில் 'பிராணி' என்றால் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரினமும். யானையும் பிராணி, வயலில் கிட்டி வைத்துப் பிடிக்கிற எலியும் பிராணி. அதற்காக எலி பிடிக்கிறவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வலியே கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 'தேவையற்ற வலி' கூடாது என்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

கோமாரித் தடுப்பூசி போடும்போது மாட்டுக்கு வலிக்கத்தான் செய்யும். அது வதை இல்லை. வண்டி மாட்டை ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்தினாலும் வலிக்கும். அது வதை. முதலாவதில் வலி மாட்டின் நன்மைக்கு, அதைத் தவிர்க்க வேறு வழியும் இல்லை. இரண்டாவதில் வண்டி நகர வேண்டும் என்பது நியாயமான காரணம்தான், ஆனால் அதற்கு ஆணி தேவையில்லை. ஆக, எந்தக் காட்சியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இந்த வலிக்கு நியாயமான நோக்கம் இருக்கிறதா? அதே நோக்கத்தை இதைவிடக் குறைந்த வலியில் நிறைவேற்ற முடியாதா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றோ, இரண்டாவதற்கு 'முடியும்' என்றோ பதில் வந்தால் அது பெரும்பாலும் வதைதான்.

வண்டி மாடுகளுக்குச் சட்டம் இதை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. பாரம் இழுக்கும் விலங்குகளுக்கென 1965-இல் வந்த விதிகளின்படி ஆணி, முள் வைத்த குச்சிக்குத் தடை. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. கத்திரி வெயில் காலத்தில் நம் ஊர்களில் பாதி நாள் இந்தக் கணக்கில் வந்துவிடும். மணல், செங்கல் ஏற்றுகிற வண்டிக்காரர்கள் எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சரி, ஆடு கோழி சாப்பிடுகிறவர்கள் மிருகவதையைப் பற்றிப் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். உணவுக்காக அறுப்பதைச் சட்டம் குற்றமாகப் பார்க்கவில்லை. அறுக்கும்போதும் அதற்கு முன்பும் தேவையில்லாத துன்பம் கொடுத்தால்தான் குற்றம். நாலு கோழியைக் காலைக் கட்டி, பைக் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறவர் மாட்டிக்கொள்வது அந்தப் பயணத்துக்காக.

அடுத்தது, பலர் எதிர்பார்க்காத விஷயம். வதை என்றதும் அடி, உதை, கத்தி, கம்பு என்று செய்கிற செயல்கள்தான் நினைவுக்கு வரும். சட்டத்தின் 3-ஆம் பிரிவு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு பிராணி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அவருக்கு அதன் நலனைப் பார்த்துக்கொள்ளும் கடமை இருக்கிறது என்கிறது. குற்றங்களை வரிசையாகச் சொல்லும் 11-ஆம் பிரிவிலும் போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் விடுவது இருக்கிறது. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிப் போடுவது, காரணமில்லாமல் கைவிட்டுவிடுவது எல்லாமே இருக்கின்றன. கையை ஓங்காமலேயே ஒருவர் குற்றவாளி ஆகலாம்.

டெல்டாவில் நான் பார்க்கிற வதைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அறுவடை முடிந்த தரிசில் முளையடித்து மாட்டைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். காலையில் இருந்த நிழல் பத்து மணிக்கு நகர்ந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதத்தில் பிரச்சினை இல்லை. மேட்டூர் மூடிய பிறகு வாய்க்கால் காய்ந்துவிடும். கறவை நிற்கும் நேரத்தில்தான் வீட்டுக்காரருக்கு மாட்டின் தாகம் தெரியவரும். கொடூர மனம் எதுவும் இதில் இல்லை. கூலி வேலைக்குப் போகிற பெண் நடுவில் வந்து தண்ணீர் காட்டிவிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான். ஆனால் மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் காரணம் எதுவாக இருந்தாலும் தாகம் தாகம்தான்.

இதைவிடக் கசப்பான ஒன்று காளைக்கன்று. உழவு மாடு இருந்த காலத்தில் காளைக்கன்று பிறந்தால் அது சொத்து. டிராக்டரும் பவர் டில்லரும் வந்தபின், அதிலும் ஜெர்சி கலப்பில் பிறந்த காளைக்கன்றுக்கு வேலையே இல்லை. அது குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகாத பால். அதனால் யாரும் கொல்வதில்லை, யாரும் ஊட்டுவதும் இல்லை. சில வாரங்களில் 'கழிச்சல் வந்து செத்துப்போச்சு' என்பார்கள். அப்புறம் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறப்பதும் உண்டு. 11-ஆம் பிரிவின்படி தீனி கொடுக்காமல் விட்டது குற்றம்தான். ஆனால் ஒரு மாடு வைத்திருக்கிற குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டு இதை நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி இப்போது வந்துவிட்டது. அது எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் மலிவாகக் கிடைத்தால், ஆயிரம் போலீஸ் வழக்கு செய்யாததைச் செய்யும். கொள்கை மாற்றம் என்று பெரிதாகச் சொல்வது பல நேரம் இந்த மாதிரி ஊசி விலையில்தான் இருக்கிறது.

பால் சுரக்க ஊசி போடுவது தனிக் கதை. கறவை மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் விதத்தில் பாலைக் கூட்டும் எந்தச் செயலும், ஊசி உட்பட, 12-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாடும் பறிபோகும்.

உம்பளச்சேரி மாட்டையும் சொல்லியாக வேண்டும். நாகை மாவட்டத்து உம்பளச்சேரி ஊரின் பெயரால் வழங்கும் இனம் இது. குட்டைக் கால், சேற்றில் சளைக்காத உழைப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இதற்கென்றே அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. இந்த இனத்துக்கு 'மொட்டை மாடு' என்றும் பெயர் உண்டு. காளைகளின் கொம்பைத் தீய்த்துவிடுவது இங்கே பழைய வழக்கம். காதைக் கத்தரித்து உருவம் கொடுப்பதும், சூட்டுக்கோல் வைப்பதும் கூடவே இருந்தன. இவை வதையா?

கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகிய நான்கையும், வகுத்த முறைப்படி செய்தால் குற்றமில்லை என்று 11-ஆம் பிரிவே விலக்குக் கொடுக்கிறது. முறை என்பதுதான் இங்கே முக்கியம். வளர்ந்த கொம்பை மரத்துப்போக ஊசி போடாமல் அறுப்பதும், பிறந்த சில வாரங்களுக்குள் கொம்புக் குருத்தை மருத்துவர் மரத்துப்போகச் செய்து தீய்ப்பதும் ஒன்றல்ல. காயடிக்க, விதையை இரண்டு கட்டைக்கு நடுவில் வைத்து நசுக்கியவர்கள் இருந்தார்கள். இன்று அதே வேலையைப் பர்டிசோ கிடுக்கி கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. குறைந்த வலியில் செய்ய வழி வந்தபின் பழைய வழி 'தேவையற்றது' ஆகிவிடுகிறது. நேற்று வழக்கமாக இருந்தது இன்று வதையாவது இப்படித்தான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற வட்டாரத்தில் 'வேறு வழி தெரியாது' என்று இனிமேல் சொல்ல முடியாது. காதைக் கத்தரிப்பதற்கு விலக்குப் பட்டியலில் இடமே இல்லை. அது அழகுக்காகச் செய்வது. முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது.

சந்தைக்குப் போகும் லாரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, கூடவே ஒரு ஆள் போக வேண்டும், பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று வேண்டும். 'குட்டியானை' என்கிற சின்ன சரக்கு வண்டியில் நாலு மாட்டைத் திணித்துவிட்டு 'ஆறுக்குக் கீழேதானே' என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று மோட்டார் வாகன விதி தனியாகச் சொல்கிறது. விழுந்த மாட்டை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் எந்த விதியையும் புரட்டிப் பார்க்காமலே வதை.

அவிழ்த்துவிட்ட மாடும் உளுந்தும்

டெல்டாவுக்கே உரிய சண்டை ஒன்று இருக்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிரில் உளுந்து, பயறு விதைத்துவிடுவார்கள். கதிர் அறுத்ததும் தாளுக்கு நடுவில் அது முளைத்து நிற்கும். அதே நேரத்தில் 'அறுப்பு முடிந்தது' என்று மாடுகளை அவிழ்த்துவிடுகிற வழக்கமும் இருக்கிறது. எல்லாரும் நெல் மட்டும் போட்டு, ஒரே நேரத்தில் அறுத்த காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது ஒருவரின் மேய்ச்சல் நிலம் அடுத்தவரின் உளுந்து வயல். கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் ஆட்டு மந்தைகளுக்கு கீதாரி என்று ஒரு தலைவர் இருப்பார், பேசிச் சரிசெய்யலாம். அவிழ்த்துவிட்ட மாட்டோடு யாரும் இருப்பதில்லை.

இரவில் மாடு வயலில் இறங்கும். உளுந்து போட்டவர் விரட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அரிவாள் வீச்சில் மாட்டின் முதுகு பிளந்திருக்கும், இல்லையென்றால் வாயில் நுரையோடு வரப்பில் கிடக்கும். எலிக்கும் பன்றிக்கும் என்று சொல்லித் திருட்டு மின்வேலி போடுவதில் மாடு மட்டுமல்ல, மனிதரும் சாகிறார்கள்.

இங்கே பொருந்துகிற சட்டம் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு. எந்த விலங்கையும் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகளில் இருந்தது இது. பயிர் மேய்ந்தது என்பது இதிலிருந்து தப்பிக்கக் காரணம் ஆகாது.

ஆனால் உளுந்து போனவருக்கு என்ன வழி? அவரை வில்லனாக்கிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது, அதுவும் 1871-ஆம் ஆண்டிலிருந்து. கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி வயலில் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க வேண்டும். எத்தனை ஊராட்சியில் இன்று பட்டி கதவோடும் கூரையோடும் இருக்கிறது? பட்டி இடிந்ததற்கும் அரிவாள் வெளியே வந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். நகரத்துச் சாலைகளில் படுத்துக் கிடக்கும் மாடுகளுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் அடிபடும் மாடுகளுக்கும் இதே காரணம்தான் பாதி.

தெரு நாய்க்கு வேறு விதிகள். 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது உள்ளாட்சியின் வேலை. பழகிய நாய் போய்விட்டால் அந்த இடத்துக்குக் கருத்தடை செய்யாத வேறு நாய் வந்துவிடும் என்பதே அதன் காரணம். வெறிநோய் கண்டதையும் ஆக்ரோஷமானதையும் திரும்ப விடக்கூடாது என்றும், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததை அங்கேயே விடக்கூடாது என்றும் 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விஷம் வைப்பது எந்த நிலையிலும் தீர்வு இல்லை, குற்றம். கோயில் யானைகளுக்கு 2011-இல் வந்த தமிழ்நாட்டு விதிகள் தனி. கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை பிடித்து விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வரும். அதற்குப் போலீஸைவிட வனத்துறையைக் கூப்பிடுவது வேகம்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

முதலில் மாட்டுக்காரரிடம் பேசுங்கள். கேமராவை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். "அண்ணே, மாடு வெயில்ல நிக்குது, நான் நிழல்ல மாத்திக் கட்டட்டுமா?" என்று கேட்டாலே புறக்கணிப்பு வகை வதைகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அடிபட்ட, நோய்வாய்ப்பட்ட கால்நடைக்கு 1962 என்ற எண். கட்டணமில்லாத அழைப்பு. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

வெட்டு, விஷம் என்றால் காவல் நிலையம்தான். புகாரில் 325-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். 11-ஆம் பிரிவுக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரணை நகராது. 'மிருகவதை' என்று மட்டும் எழுதிய மனுக்கள் ரசீதோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். வதைத் தடுப்புச் சட்டத்தில் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். செத்த மாட்டை அவசரப்பட்டுப் புதைத்துவிடக் கூடாது. கால்நடை உதவி மருத்துவரின் உடற்கூறாய்வு அறிக்கை இல்லாமல் விஷ வழக்கு நிற்காது.

திருவாரூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருவார். அந்தக் கதையில் பசுவே வந்து மணியை அடித்துவிடுகிறது. நமக்கு அந்த வசதி கிடையாது, தேதி, நேரம், இடம் போட்டு மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்டமே மாற வேண்டிய இடங்கள்

11-ஆம் பிரிவில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தட்டச்சுப் பிழை இல்லை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முதல் முறை அபராதம், பேருந்து நிலையத்தில் இரண்டு டீயும் வடையும் சாப்பிட்டால் தாண்டிவிடுகிற தொகை. தண்டனையைக் கூட்டும் வரைவு ஒன்றை 2022-இல் ஒன்றிய அரசு வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அது வரைவோடு நிற்கிறது.

ஆனால் தண்டனையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தமிழ்நாட்டில் 1950-லேயே தடைச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு அது புத்தகத்தில் தூங்கியது. 2003-இல் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னார்கள், கிராமங்கள் கொதித்தன, 2004-இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

ஜல்லிக்கட்டு இதற்கு நேர்மாறான பாடம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தபோது, முன்பு பார்த்த அதே 'தேவை' என்ற அளவுகோலைத்தான் எடுத்தது. கேளிக்கை ஒரு தேவையாகாது என்றது. பசி தாகம், பயம், உடல் அசௌகரியம், வலி ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரமும் விலங்குக்கு உண்டு என்று ஐந்து சுதந்திரங்களை எடுத்துச் சொன்னது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. விதிமுறைகளால் துன்பம் பெருமளவு குறைக்கப்பட்டிருக்கிறது என்பது அமர்வு சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, தஞ்சாவூர் அருகே திருக்கானூர்பட்டியிலோ மாதாக்கோட்டையிலோ வாடிவாசலில் நிற்கும் கால்நடை மருத்துவர் சடங்குக்கு நிற்பவர் இல்லை. அவர் செய்கிற பரிசோதனை உண்மையாக நடக்கும்வரைதான் அந்தக் காரணத்துக்கு உயிர் இருக்கும். ஜல்லிக்கட்டு வேண்டும் என்கிறவர்கள்தான் அந்த விதிகளை முதலில் காப்பாற்ற வேண்டியவர்கள் என்பது என் கட்சி.

டெல்லியில் சட்டம் மாறுவது நம் கையில் இல்லை. ஊராட்சி ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். மேட்டூர் மூடியிருக்கும் மாதங்களில் மேய்ச்சல் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை நிரப்ப ஒரு பொறுப்பாளர், இடிந்த பட்டிக்குக் கூரையும் கதவும், உளுந்து எடுக்கும் வரை மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்று ஊர்க்கட்டாக ஒரு தேதி. இவ்வளவையும் தீர்மானமாகக் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் இடத்தின் பெயரையும் முடிக்க வேண்டிய மாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்று மட்டும் எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.